பந்திக்குப் பிந்திய பிள்ளை

‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்பது நம்மவர் பழமொழி. இக்காலத்து விளையாட்டுலகிலோ, படைக்கு ஆள் சேர்ப்பதே ஒரு பந்தியாகிவிட்டது. அணிகளை நடத்துவோரும் பயிற்சியாளர்களும் வரிசையாக அமர்கின்றனர். வீரர்களின் பெயர்கள் இலையிலிட்ட பதார்த்தங்களைப் போல் முன்னே வைக்கப்படுகின்றன. முறை வைத்து ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியவரை எடுத்துக்கொள்கின்றனர். ஒருவர் எடுத்ததை மற்றவர் தொட இயலாது. ஆங்கிலேயர் ‘டிராப்ட்’ என்னும் இம்முறையை நாம் ‘வீரர் தெரிவு’ என்று அழைப்போம்.

ஆட்டத்தைப் பார்ப்பதைவிட இத்தெரிவைப் பற்றித் தர்க்கிப்பதில் இன்பங் காண்போர் நம்மிடையே பெருகிவிட்டனர். கொட்டாஞ்சேனையிலிருக்கும் என் மருமகன் அவர்களுள் ஒருவன். பாடப் புத்தகத்தின் பின்னட்டையில் கணக்குப் போட வேண்டிய வயதில், எந்த அணி யாரை எந்தச் சுற்றில் எடுக்கவேண்டும் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தான். வெள்ளவத்தையிலிருக்கும் எனக்கும் அவனுக்கும் இவ்விஷயத்தில் ஒரு வழக்கு உண்டு. அது 2020ஆம் ஆண்டில் தொடங்கியது. அதன் தீர்ப்பை இன்று வாசகர்களிடம் சொல்லிவிடலாம் என்று எண்ணுகிறேன்.

வழக்கை விளங்கிக்கொள்வதற்கு, இம்முறை எங்கே பிறந்தது என்பதை அறிதல் நன்று. அமெரிக்க உதைபந்தாட்டத்திலேதான் இது பிறந்தது. பெயர்தான் உதைபந்தாட்டம், பந்தைக் கையிலேந்திக்கொண்டு ஓடி, ஒருவரையொருவர் மோதி வீழ்த்தும் ஆட்டம் அது. 1930களில் அங்கே பணமும் புகழும் உள்ள அணிகளுக்கே பல்கலைக்கழகங்களிலிருந்து வெளிவரும் நல்ல வீரரெல்லாம் போய்ச் சேர்ந்தனர். பிலடெல்பியா ஈகிள்ஸ் என்னும் அணியை வைத்திருந்த பேர்ட் பெல் என்பவர், தாம் விரும்பிய வீரர்களைச் சேர்க்க முடியாமல் மனம் நொந்து, 1935இல் ஒரு யோசனையை முன்வைத்தார். சென்ற பருவத்தில் கடைசியாக வந்த அணி, அடுத்த பருவத்துக்கு முதலில் தெரிவு செய்யட்டும். முதலாவதாக வந்த அணி கடைசியில் தெரிவு செய்யட்டும் என்பதே அது. வலியவர்களும் இதற்கு உடன்பட்டனர். எப்போதும் ஒருவனே வெல்லும் ஆட்டத்தைக் காசு கொடுத்துப் பார்க்க எவரும் வரமாட்டார் என்பது அவர்களுக்கும் விளங்கியிருந்தது.

1936 பெப்ரவரி 8ஆந் திகதி முதலாவது தெரிவு நடைபெற்றது. ஒன்பது அணிகள்; பலகையில் தொண்ணூறு பெயர்கள். முதலிடத்தில் எடுக்கப்பட்டவர் ஜே பேர்வாங்கர் என்னும் சிக்காகோப் பல்கலைக்கழக மாணவர். வேடிக்கை யாதெனில், அவர் தொழில்முறை ஆட்டம் ஒன்றிலேனும் கால் வைக்கவில்லை. கேட்ட சம்பளம் கிடைக்காமையால் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். ஆகவே, பந்தியில் முதலிலே எடுத்த பண்டம் வயிற்றை நிரப்பியே தீரும் என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை என்பது, இம்முறை பிறந்த அன்றே தெரிந்துவிட்டது.

அது கடல் கடந்து கிரிக்கெட்டுக்கும் வந்தது. லங்கா பிரீமியர் லீக் என்னும் இருபது ஓவர் சுற்றுப்போட்டி 2020இல் தொடங்கியபோது, கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் ஆகிய ஐந்து ஊர்களின் பெயரில் அணிகள் அமைந்தன. ஒக்டோபர் 19ஆந் திகதி வீரர் தெரிவு இணையவழியாக நடைபெற்றது. தொற்றுநோய்க் காலம் அது. அவ்வாரத்திலேயே கொட்டாஞ்சேனையில் ஊரடங்கு வந்துவிட்டது. ஆகையால் எமது வழக்கு முழுவதும் தொலைபேசியிலேயே நடந்தது.

யாழ்ப்பாண அணிக்கு அப்போது ‘ஜப்னா ஸ்டாலியன்ஸ்’ என்று பெயர். அதன் தெரிவில் ஒரு சூட்சுமம் இருந்ததை மருமகன்தான் முதலில் கண்டுபிடித்தான். களமிறங்கும் பதினொருவரில் வெளிநாட்டவர் நால்வருக்கு மேல் ஆடலாகாது என்பது விதி. எனவே ஏழு பேராவது உள்நாட்டவராக இருத்தல் வேண்டும். வெளிநாட்டு வீரர் உலகெங்கும் பலர் உளர். ஒருவர் வராவிடின் இன்னொருவரை அழைக்கலாம். துடுப்பாட்டமும் பந்துவீச்சும் இரண்டும் அறிந்த உள்நாட்டு வீரரோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அவர்களை விட்டுவிட்டால் சந்தையில் வேறு சரக்கில்லை. யாழ்ப்பாண அணியிலோ திசர பெரேரா, வனிந்து ஹசரங்க, தனஞ்சய டி சில்வா ஆகிய மூன்று உள்நாட்டுச் சகலதுறை வீரர்கள் இருந்தனர். வெளிநாட்டவர் வரிசையிலும் பாக்கிஸ்தானின் சொயிப் மலிக் என்ற அனுபவசாலி இருந்தார்.

மற்ற அணிகள் பெரும் பெயர்களை நோக்கி ஓடாமல் இல்லை. கிறிஸ் கெய்லைக் கண்டி அணியும், லசித் மலிங்கவைக் காலி அணியும் எடுத்திருந்தன. இருவரும் போட்டி தொடங்குமுன்னரே விலகிக்கொண்டனர். பந்தியில் பெரிய பணியாரத்துக்குக் கை நீட்டியவர்கள் வெறும் இலையைப் பார்க்க நேர்ந்தது.

தெரிவுக் கலையில் இரண்டு கட்சிகள் உண்டு. அணியில் எந்த இடம் வெறுமையோ அந்த இடத்துக்கு ஆள் தேடவேண்டும் என்பது ஒன்று. இடம் எதுவாயினும், எஞ்சியிருப்போருள் மிகத் திறமையுள்ளவனையே எடுக்கவேண்டும் என்பது மற்றொன்று. வீட்டுக்குச் சாமான் வாங்கப் போகிறவர் பட்டியலுடன் போவதா, சந்தையில் நல்லதாகக் கிடைப்பதை வாங்கி வருவதா என்ற பழைய சச்சரவே இது. இரண்டு வேலை செய்யக்கூடிய ஒருவனை எடுத்தால் இரண்டு கட்சியாரும் வாய்மூடுவர். யாழ்ப்பாண அணி செய்ததும் அதுதான். இதுவரையில் எனக்கும் மருமகனுக்கும் பேதமில்லை.

பேதம் பட்டியலின் அடியில் வந்தது. தெரிவின்போதும் அதையடுத்தும் வெளிவந்த பட்டியலின் கடைப்பகுதியில் வடபுலத்து இளைஞர் நால்வரின் பெயர்கள் காணப்பட்டன. விஜயகாந்த் வியாஸ்காந்த், கனகரத்தினம் கபில்ராஜ், தெய்வேந்திரம் டினோஷன், செபஸ்தியாம்பிள்ளை விஜயராஜ் என்போர் அவர்கள்.

“மாமா, எங்கட பொடியள் நாலு பேர் இருக்கினம்!” என்று மருமகன் தொலைபேசியில் கூவினான்.

“தம்பி, தோரணம் கட்டியிருக்கிறார்கள். தோரணம் பார்க்க அழகாக இருக்கும், கூரையைத் தாங்காது” என்றேன்.

இன்று எண்ணும்போது அச்சொல் கடுமையானது என்றே தோன்றுகிறது. ஆயினும் அதற்குக் காரணம் இருந்தது. யாழ்ப்பாணம் என்ற பெயரை வைத்துவிட்டு, அப்பெயருக்கு ஒரு சாட்சியாக நான்கு பிள்ளைகளை வாங்கிலே இருத்தி வைப்பார்கள், படம் பிடிப்பார்கள், பிறகு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். வாங்கில் இருந்து திரும்பி வரும் பிள்ளை, தான் எடுக்கப்படாதவன் என்ற நிலையைவிட மோசமான ஒரு நிலையை அடைகிறான். எடுத்துப் பார்த்தும் போதாதவன் என்று ஊர் அவனைப் பற்றி நினைத்துவிடுகிறது. அவன் ஒரு பந்தேனும் வீசவில்லை என்பதை எவரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

மருமகன் விடவில்லை. “வாங்கிலே இருந்தாலும் ஹசரங்கவோட வலைப்பயிற்சி செய்யலாம் தானே, மாமா? யாழ்ப்பாணத்திலே இருந்தால் அது கிடைக்குமோ?” என்றான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதிலிருக்கவில்லை. ஆகையால், பெரியவர்களின் வழக்கப்படி, படிப்பைப் பார் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

போட்டிகள் யாவும் அம்பாந்தோட்டை மாவட்டத்துச் சூரியவெவ மைதானத்தில், பார்வையாளரின்றி நடந்தன. டிசெம்பர் 4ஆந் திகதி கொழும்பு அணிக்கெதிரான ஆட்டத்தில் வியாஸ்காந்த் களமிறக்கப்பட்டார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவரான அவருக்குப் பத்தொன்பது வயது நிறைய ஒரு நாள் குறைவு. அவர் வீசுவது லெக் ஸ்பின் எனப்படும் மணிக்கட்டுச் சுழல். கற்பதற்கு அரியதும், தவறினால் அடி வாங்கித் தருவதுமான வித்தை அது. வடக்கின் பாடசாலைப் பிள்ளைகள் பெரும்பாலும் பாய் விரித்த ஆடுகளத்திலேயே பழகியவர்கள். புல்தரை ஆடுகளத்தில் பந்து எழும்பும் உயரமும் திரும்பும் வேகமும் வேறு. அத்தகைய பிள்ளை அன்று ஆட்டமிழக்கச் செய்தது யாரை? எதிரணியின் தலைவரும், இலங்கை அணியின் முன்னாள் தலைவருமான அஞ்சலோ மத்தியூசை.

அன்று யாழ்ப்பாண அணி தோற்றுவிட்டது. ஆனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அன்றிரவு தோல்வியைப் பற்றிப் பேசியவர் எவருமில்லை. தொலைபேசி மணி அடித்தது. மருமகன் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தான். நானும் சிரித்தேன். வழக்கில் பாதி அத்துடன் தோற்றுவிட்டேன்.

டிசெம்பர் 16ஆந் திகதி இறுதியாட்டத்தில் காலி அணியை 53 ஓட்டங்களால் வென்று யாழ்ப்பாண அணி கிண்ணத்தைக் கைப்பற்றியது. ஹசரங்க 17 விக்கெட்டுகளுடன் தொடரின் சிறந்த வீரரானார். முன் வரிசைத் தெரிவு தன் வேலையைச் செவ்வனே செய்தது. ‘ஜப்னா கிங்ஸ்’ என்று பெயர் மாறிய பின்னர் 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளிலும் அவ்வணியே வென்றது. ஐந்து போட்டிகளில் நான்கு கிண்ணங்கள்! கிண்ணத்தைப் பற்றிக் குறை சொல்ல எவருக்கும் வாயில்லை.

கடைசி வரிசையில் வந்த பிள்ளையின் கதையோ அதற்குப் பிறகும் நீண்டது. வியாஸ்காந்த் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் யாழ்ப்பாண அணிக்கு ஆடினார். 2023 ஒக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கை அணியின் உடையை அணிந்தார். 2024இல் இந்தியாவின் ஐ.பி.எல். போட்டியில் ஹைதராபாத் அணியில் இருந்த ஹசரங்க குதிக்கால் உபாதையால் ஆட முடியாது போனபோது, அவ்வணி அவருக்குப் பதிலாக அழைத்தது யாரைத் தெரியுமா? 2020இல் அதே ஹசரங்கவின் பக்கத்தில் பட்டியலின் கடைசியில் இருந்த இந்த யாழ்ப்பாணப் பிள்ளையைத்தான். மே 8ஆந் திகதி லக்னோ அணிக்கெதிராக அவர் அங்கே முதன்முதலாகப் பந்து வீசினார்.

அமெரிக்க உதைபந்தாட்டத்திலும் இத்தகைய கதை ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டுத் தெரிவில் டொம் பிரேடி என்பவர் ஆறாம் சுற்றில், 199ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். அவருக்கு முன் 198 பேரை அறிவாளிகள் பொறுக்கி எடுத்துவிட்டனர். மறு ஆண்டில் அவ்வணியின் முதல்தர ஆட்டக்காரர் காயமுற்றபோது பிரேடி களமிறக்கப்பட்டார். அவர் ஓய்வு பெற்றபோது அவரிடம் ஏழு சம்பியன் பட்டங்கள் இருந்தன. இக்கதையைச் சொல்பவர்கள், “பார்த்தீர்களா, கடைசியில் எடுத்தவனும் முதல்வனாவான்” என்று முடிப்பது வழக்கம். நான் அதில் வேறொன்றைக் காண்கிறேன். முன்னவர் காயமுறாதிருந்தால் பிரேடியை யார் அறிந்திருப்பர்? 199ஆவது ஆளாக எடுத்த அறிவு பெரிதா, அவசரத்தில் அவரை இறக்க நேர்ந்த விபத்துப் பெரிதா?

என் வழக்கில் எஞ்சிய பாதி இங்கேதான் நிற்கிறது. நால்வரில் ஒருவர் உலகறிய வந்தார். மகிழ்ச்சி. மற்ற மூவரின் பெயர்களை இன்று நம் பிள்ளைகளிடம் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? அவர்கள் திறமையில் குறைந்தவர்களாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதை அறிவதற்கு ஒரே வழி பந்தைக் கையில் கொடுப்பதுதான். பெயரை வாசிப்பதால் தெரிவு பாதிதான் நடக்கிறது. மீதிப் பாதி, அணித்தலைவர் அந்தப் பிள்ளையைப் பார்த்து, ‘அடுத்த ஓவர் உனக்கு’ என்று சொல்லும்போது நடக்கிறது.

இவ்விடத்தில் வாசகர் ஒருவர் குறுக்கிடக்கூடும். “யாழ்ப்பாண அணி என்றால் யாழ்ப்பாணத்தவர்தான் ஆடவேண்டுமா? இது குறுகிய மனப்பான்மையன்றோ?” என்பார். நான் அப்படிச் சொல்லவில்லை. நம் கொழும்பிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 1899இல் தொடங்கப்பட்ட தமிழ் யூனியன் கழகத்தின் பெயரில் தமிழ் இருக்கிறது. 1948இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் ஆடியபோது இலங்கை அணிக்குத் தலைமை தாங்கிய சதாசிவம் அக்கழகத்தவர். முரளிதரன் அக்கழகத்தவர். ரங்கன ஹேரத்தும் அக்கழகத்துக்காக ஆடியவரே. எல்லா இனத்துப் பிள்ளைகளும் அங்கே ஆடினார்கள். கழகத்தின் பெயருக்கு அதனால் பெருமையே வந்தது. அதுபோலத் திசர பெரேரா யாழ்ப்பாண அணியின் தலைவராக மூன்று முறை கிண்ணத்தை உயர்த்தியபோது, வெள்ளவத்தையில் கை தட்டியவர்களுள் நானும் ஒருவன். கடந்த காலத்தை அறிந்தவர்களுக்கு, அந்தக் கைதட்டலின் பெறுமதி கிண்ணத்தைவிடக் குறைந்ததன்று.

ஆனால் அக்கழகத்தின் வாசல் எந்தப் பிள்ளைக்கும் திறந்திருந்தது என்பதுதான் அதன் சிறப்பு. யாழ்ப்பாணம் என்று பெயர் சூடிய அணியும், யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஒரு வாசலாகவேனும் இருக்கவேண்டும். உப்பு மூட்டை சுமக்கும் வண்டிக்கு உப்பின் சுவை தெரியாது. பெயரைச் சுமக்கும் அணி அப்படி இருக்கலாகாது.

2023இல் இச்சுற்றுப்போட்டியில் தெரிவு முறை போய், ஏல முறை வந்தது. அவ்வாண்டில் ஒவ்வோர் அணியும் ஐந்து இலட்சம் டொலருக்குள் தன் ஏலத்தை நடத்தவேண்டியிருந்தது. 2024இல் மதீஷ பத்திரனவை ஒரு இலட்சத்து இருபதாயிரம் டொலர் கொடுத்துக் கொழும்பு அணி வாங்கியது. முறை வைத்து எடுக்கும்போது, பிறர் யாரைக் காணத் தவறுவார்கள், யாரை இன்னொரு சுற்றுவரை விட்டுவைக்கலாம் என்று ஊகிப்பதே கலை. ஏலத்தில் பணப்பையை எந்த நேரத்தில் திறப்பது, எந்த நேரத்தில் மூடுவது என்பதே கலை. இரண்டிலும் ஒன்று மட்டும் மாறவில்லை. அறியப்படாத பிள்ளையின் முறை வரும்போது பை வெறுமையாகியிருக்கும். மேசையில் இருப்போர் களைத்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பர். அந்த நேரத்தில் விழித்திருப்பவனே நல்ல தெரிவாளன்.

நானும் ஒரு யோசனை சொல்லலாமா? ஆட்டத்தைப் பார்ப்பவனுக்கு அந்த உரிமை உண்டல்லவா? யாழ்ப்பாண அணி முன்னிடங்களுக்கு யாரை எடுக்கவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நான்கு கிண்ணம் வென்றவர்களுக்கு அது தெரியும். கடைசி இரண்டு மூன்று இடங்களை மட்டும் கடைசி நேரத்து அலுப்பில் நிரப்பாதிருக்கட்டும். போட்டிக்கு ஆறு மாதத்துக்கு முன்னரே யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், வவுனியா, மட்டக்களப்பு என்று பாடசாலை மைதானங்களுக்கு ஆள் அனுப்பிப் பார்க்கட்டும். வடக்கின் பெருஞ்சமர் எனப்படும் மத்திய கல்லூரி – சென் ஜோன்ஸ் கல்லூரி ஆட்டத்தை மாத்திரம் பார்த்துவிட்டுத் திரும்பவேண்டாம். பெயரறியாத பாடசாலைகளுக்கும் போகட்டும். தேர்ந்தெடுத்த பிள்ளையைப் போட்டிக்கு முன்பே புல்தரையில் பழக்கட்டும். பிறகு ஓர் ஆட்டமாவது கொடுக்கட்டும்; தோற்றாலும் பாதகமில்லாத கடைசி ஆட்டமாக இல்லாமல், வெல்ல வேண்டிய ஆட்டமாக அது இருக்கட்டும். திறமையில்லையென்று கண்டால் விட்டுவிடட்டும். இரக்கத்துக்காக இடம் கேட்கவில்லை. பார்த்த பின் தீர்ப்புச் சொல்லுங்கள் என்றே கேட்கிறேன்.

காலமும் இதற்கு இசைவாகக் கனிந்து வருகிறது. 2024 வரை நடந்த ஐந்து சுற்றுப்போட்டிகளிலும் யாழ்ப்பாண அணி யாழ்ப்பாணத்தில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. ஆடுவதற்கேற்ற மைதானம் அங்கே இருக்கவில்லை. 2025 செப்டெம்பர் 1ஆந் திகதி மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அது எழும்பி முடிந்தபின், வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் சிறுவன் தன் ஊர்ப் பெயரை நெஞ்சில் தாங்கிய பதினொருவரைக் காண்பான். அவர்களுள் தன்னைப்போல் பேசுகிற ஒருவனாவது இருந்தால், அன்று மாலையே அவன் தென்னை மட்டையைக் கீழே வைத்துவிட்டு நல்ல மட்டையொன்று கேட்டுத் தகப்பனைக் கரைச்சல் படுத்துவான்.

சென்ற கிழமை மருமகன் வெள்ளவத்தைக்கு வந்திருந்தான். மீசை அரும்பிவிட்டது, பட்டியல் போடும் பழக்கம் மாத்திரம் போகவில்லை. தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருக்க, வரப்போகும் போட்டிக்குத் தான் வகுத்த யாழ்ப்பாண அணியை என் முன்னே வைத்தான். பதினெட்டு இலக்கங்கள் மேலிருந்து கீழாக இடப்பட்டிருந்தன. முதல் பதினைந்துக்கும் பெயரில்லை.

“என்னடா தம்பி, தலைவரையே இன்னும் எழுதவில்லையே?” என்றேன்.

“அது பிறகு பார்க்கலாம், மாமா” என்றான். கடைசி மூன்று இலக்கங்களுக்கு எதிரே மூன்று பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. மூன்றும் நான் கேள்விப்படாத பெயர்கள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, “இவர்கள் யார், எந்தப் பள்ளிக்கூடம், சொல்லு” என்றேன்.